நெத்திலி இல்லாத கிம்ச்சி

புரட்டாசி மாதத்தில் அலுவலக நண்பர்களோடு கொரிய உணவகத்துக்குப் போய் மாட்டிக்கொண்டவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பார்கள். மெனு அட்டையைப் பார்த்தால் கவலைப்பட ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும். ஒரு பக்கம் முழுக்கக் கீரை, தாவ்கே, தாவ்பூ, காளான், முட்டைகோஸ். "உனக்குத்தான் இவ்வளவு இருக்கே" என்று நண்பர்கள் தைரியம் சொல்வார்கள். நாமும் வெள்ளைச் சோறு வாங்கி, சின்னச் சின்னத் தட்டுகளில் வந்த காய்கறிகளைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு, விரதம் கெடாமல் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம்.

பெரும்பாலும் கெட்டுத்தான் இருக்கும்.

நம் ஊர் காங்கோங் பெலாச்சானை நினைத்துப் பாருங்கள். பார்வைக்குக் கீரைப் பிரட்டல். ஆனால் ருசியெல்லாம் இறாலில் இருந்து வருகிறது. கொரியக் காய்கறிகளின் கதையும் அதுதான். கிம்ச்சி என்ற அந்த முட்டைகோஸ் ஊறுகாயில் மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சியோடு உப்பில் புளிக்கவைத்த குட்டி இறாலையும் சேர்ப்பது வழக்கம். 'சேவுஜொத்' என்று அதற்குப் பெயர். மலாக்கா சிஞ்சாலோக்கைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. இறால் போடாதவர்கள் நெத்திலியைப் புளிக்கவைத்து வடித்த சாற்றை ஊற்றுவார்கள். கிளந்தான் பூடுவின் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். சூப்பு, குழம்பு எதுவானாலும் அடித்தண்ணீர் அநேகமாகக் காய்ந்த நெத்திலியும் கடற்பாசியும் கொதித்த தண்ணீர். பிள்ளைகள் பைத்தியமாக இருக்கும் தொக்பொக்கி வெறும் அரிசிமாவுக் கட்டிதானே என்று கேட்பீர்கள். கட்டி சைவம்தான். அது நீந்துகிற சிவப்புக் குழம்பில் நெத்திலித் தண்ணீரும் மீன் கேக்கும் இருக்கும்.

"இறைச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போயிற்று" என்பவர்களுக்கு ஒரு சேதி. கொரிய மொழியில் இறைச்சிக்கு 'கோகி' என்பார்கள். கோகி வேண்டாம் என்றால் மாடும் பன்றியும் கோழியும் போகும். நெத்திலி அந்தக் கணக்கில் வராது. நமக்கு இது புதிதா என்ன? 'டாகிங்' சாப்பிட மாட்டேன் என்று மலாய்க்காரர் கடையில் சொன்னவுடன், "ஆயாம் போலே?" என்று அன்போடு கோழியைக் காட்டுவார்களே, அதே கதைதான். அவர்கள் ஏமாற்றவில்லை. அவர்கள் சொல்லுக்கும் நம் சொல்லுக்கும் எல்லைக்கோடு வேறு வேறு இடத்தில் ஓடுகிறது.

வருஷத்தில் ஒரு மாதம் சைவமாக இருப்பவர்களுக்கே இந்தப் பாடு. ஆயுள் முழுக்க அப்படி இருப்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. என் மாமியார் அந்த இரண்டாம் ரகம். 74 வயது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அத்தை என்றுதான் நான் கூப்பிடுவேன். முட்டைகூடத் தொடமாட்டார். வெளியே குடும்பமாகச் சாப்பிடப் போனால், "நீங்க சாப்பிடுங்க, எனக்கு ஒரு தே ஓ போதும்" என்று உட்கார்ந்துகொள்வார். எத்தனையோ பிறந்தநாள் விருந்துகள் அந்த ஒரு தேநீரோடு அவருக்கு முடிந்திருக்கின்றன.

எங்கள் வீட்டில் போன வருஷம் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொண்டது. என் மகள் நனிசைவம் ஆனாள். இங்கிலாந்தில் 1944இல் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கி, 'வீகன்' என்ற சொல்லை உண்டாக்கினார்கள். அதைத்தான் தமிழில் நனிசைவம் என்கிறோம். மீன், இறைச்சி, முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய், வெண்ணெய், தேன் எதுவும் கூடாது. மாமிசம் சாப்பிடுகிற வீட்டில் பிள்ளை இப்படி மாறினால் பெற்றோர் தலையில் அடித்துக்கொள்வார்கள், பிறகு பழகிவிடுவார்கள். சைவப் பாட்டி இருக்கும் வீட்டில் அப்படி இல்லை. அங்கே அது பாட்டியின் மேல் விழுகிற அடி.

தீபாவளிக்கு அத்தை நெய்யுருண்டை பிடித்து நீட்டினார். வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டார். அவளும் ஏதோ காணொளியில் கேட்டதை அப்படியே சொன்னாள்: கன்றுக்குட்டிக்கு உள்ள பாலை மனிதன் திருடுகிறான். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க தோட்டத்து வீட்டுல லெட்சுமின்னு ஒரு மாடு இருந்திச்சு தாயி. கன்னு குடிச்ச மிச்சத்ததான் அம்மா கறக்கும். நாங்க திருடல" என்றார். அவ்வளவுதான். சண்டை என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு மகள் தன் சாப்பாட்டைத் தானே டப்பாவில் கொண்டுவர ஆரம்பித்தாள். "பசியாறிட்டியா?" என்று வாசலிலேயே கேட்கும் அத்தை, அவளிடம் மட்டும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

இந்த நிலையில் அத்தையின் பிறந்தநாள் வந்தது. எங்கே போவது? வாழை இலைக் கடைக்குப் போனால் பருப்பில் நெய்யா, கூட்டில் தயிரா, பொரியலில் வெண்ணெயா என்று மகள் ஒவ்வொன்றாகக் கேட்பாள். பரிமாறுகிற தம்பிக்கு ஒன்றும் தெரியாது. சீன சைவக் கடைக்குப் போகலாம் என்றால், மீன் வடிவத்தில், செதில்கூட வரைந்து வைத்திருக்கும் சோயா மீனைப் பார்த்தாலே அத்தைக்கு வயிற்றைப் புரட்டும். "சாப்பிடக்கூடாதுன்னு விட்டதை எதுக்கு பொம்மை செஞ்சி திங்கணும்?" என்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. கடைசியில் ஒரு கொரிய நனிசைவக் கடையைக் கண்டுபிடித்தது என் வீட்டுக்காரர்.

கொரிய உணவு என்றால் அம்பாங்கும் மோன்ட் கியாராவும்தான் நம் நினைவுக்கு வரும். கொரியர்கள் அதிகமாகக் குடியிருக்கும் இடங்கள். அங்கேயெல்லாம் நெருப்பில் வாட்டும் இறைச்சிதான் ராஜா. இந்தக் கடையோ பெட்டாலிங் ஜெயாவில், ஒரு கடைவீட்டு வரிசையின் முதல் மாடியில் ஒதுங்கி இருக்கிறது. பெயர் எழுதப் போவதில்லை. இது விளம்பரப் பத்தி இல்லை என்று வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். பத்து மேசைகூட இருக்காது. நடத்துகிற அம்மாள் கொரியர். பல வருஷம் இங்கே இருந்ததில் மலாயும் ஆங்கிலமும் கலந்து நன்றாகவே பேசுகிறார். மாடிப்படி செங்குத்து. முட்டி வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்த உடனே, நாம் எதுவும் கேட்காமலேயே, தொட்டுக்கை வகைகள் வந்தன. 'பஞ்சான்' என்பார்கள். இதற்குத் தனிக் காசு இல்லை, தீர்ந்தால் மறுபடி கேட்கலாம். ஏழு தட்டுகள். அவித்த கீரையில் நல்லெண்ணெயும் எள்ளும் பிசிறியது. சோயாத் தாவ்கே. சோயாசாஸில் சுண்டவைத்த தாமரைக்கிழங்கு. உருளைக்கிழங்கு. கடற்பாசி. முள்ளங்கிக் கிம்ச்சி. பிறகு பழுப்பு நிறத்தில் கயிறு கயிறாக ஒன்று. கொசாரி என்கிற பெரணித் தண்டு. நம் ஊரில் பூச்சோக் பாக்கு சாப்பிடுகிறோமே, அதுவும் பெரணிதான், ஆனால் இனம் வேறு. கொசாரியை அப்படியே சாப்பிட முடியாது. வேகவைத்து, ஊறவைத்து, கசப்பையும் விஷத்தையும் எடுத்த பிறகுதான் சமையலுக்கு வரும். மென்றால் இறைச்சி மாதிரி ஒரு பிடிமானம். ஆனால் அது இறைச்சி வேஷம் போடவில்லை. தண்டு தண்டாகவேதான் இருக்கிறது. அத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிய தட்டு அதுதான்.

இந்த அவியல் வகைகளுக்கு 'நாமுல்' என்று பெயர். செய்முறை எளிது: கொதிக்கும் தண்ணீரில் ஒரு முக்கு, பிழிந்து எடுத்து, உப்போ சோயாசாஸோ, எள், எண்ணெய். தாளிப்பு கிடையாது. அதனால் கீரைக்குக் கீரை ருசி வேறாகத் தெரிகிறது. நாம் எல்லாக் காய்க்கும் ஒரே கடுகு, ஒரே தேங்காய்ப்பூ போட்டு மூடிவிடுகிறோமோ என்று எனக்குத் தோன்றியது. அத்தையிடம் சொல்லவில்லை.

அடுத்து வந்தது தென்ஜாங் குழம்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கொரியச் சமையலின் முதுகெலும்பே இதுதான். சோயாவை வேகவைத்து இடித்து, செங்கல் மாதிரி கட்டிகளாகப் பிடித்து, வைக்கோலில் கட்டித் தொங்கவிடுவார்கள். வைக்கோலில் இருக்கும் நுண்ணுயிர் கட்டியில் ஏறிப் புளிக்கவைக்கும். பிறகு அந்தக் கட்டிகளைப் பெரிய மண்ஜாடியில் உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். இரண்டு மாதம் போல ஊறியபின் தண்ணீரை வடித்தால் அது சோயாசாஸ். அடியில் நிற்கும் விழுது தென்ஜாங். ஒரே ஜாடியில் இரண்டு பொருள். அதிலும் தென்ஜாங் வருஷக் கணக்கில் முதிரும். இந்த ஜாடிக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. குடும்பமாகக் கூடிக் கிம்ச்சி போடும் வழக்கம் 2013இலேயே சேர்ந்துவிட்டது.

மூக்குக்கு முதலில் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். என் வீட்டுக்காரர் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டார். எனக்குப் பிடித்தது. நான் கவனித்துப் பார்த்தது ஒன்றைத்தான்: நெத்திலியை எடுத்துவிட்டால் ருசி குறைகிறதா? குறையவில்லை. அந்த அம்மாள் அடித்தண்ணீருக்குக் கடற்பாசியோடு காய்ந்த ஷீத்தாக்கே காளானைப் போடுகிறார். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1908இல் கிகுனாய் இகேடா என்ற ஜப்பானிய அறிஞர் அந்தக் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த சத்துதான் பிறகு அஜினோமோட்டோ என்று பாக்கெட்டில் வந்தது. கடற்பாசியின் ருசியை நெத்திலி தூக்கிவிடுவதுபோலவே காய்ந்த காளானும் தூக்கிவிடும். ஆக, நெத்திலிக்கு மாற்று வெளிநாட்டுத் தொழிற்சாலையிலிருந்து வரவில்லை, அந்த ஊர் அடுக்களையிலேயே இருந்திருக்கிறது.

எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். சர்க்கரைவள்ளி மாவில் செய்த கண்ணாடி நூடல்ஸ், ஜாப்சே, எண்ணெயில் மிதந்தது. மகள் ஆசைப்பட்டு வாங்கிய தொக்பொக்கி தித்திப்பு. கொரியர்களின் மிளகாய் விழுதான கொச்சுஜாங்கில் பிசினரிசியும் மாவுப்பொருளும் சேர்வதால் காரத்தோடு ஓர் இனிப்பு இருக்கத்தான் செய்யும். இது அதற்கும் மேலே. மெனுவில் சோயாவில் செய்த 'மாட்டிறைச்சி' வகைகளும் நான்கு இருந்தன. வேண்டாம் என்றேன். காளானைப் பொரித்துக் கொச்சுஜாங்கில் பிரட்டிய தட்டு அவற்றைவிட மலிவு, அவற்றைவிடச் சிறப்பு. உருளைக்கிழங்கைத் துருவி, முட்டை சேர்க்காமல், அதன் மாவுச்சத்தையே பசையாக வைத்துச் சுட்ட அடையும் அப்படித்தான். ஓரம் மொறுமொறு, நடு மெத்து. தேங்காய்ச் சட்னி இருந்திருந்தால் என்று மனசு போனது உண்மை.

அப்போதுதான் கல்சட்டி வந்தது. கொரிய மொழியில் 'தொல்சொத்' என்பதற்குக் கல்சட்டி என்றே பொருள். கொதிக்கக் கொதிக்க அதிலேயே பொங்கிய சோறு. அந்த அம்மாள் சோற்றைக் கிண்ணங்களுக்கு எடுத்துப்போட்டு, அடியில் ஒட்டிக்கொண்டிருந்த காந்தலின் மேல் வெந்நீரை ஊற்றி மூடிவைத்தார். சாப்பிட்டு முடிக்கும்போது திறந்து, அந்தத் தண்ணீரோடு கரண்டியால் சுரண்டிக் குடிக்க வேண்டுமாம். அத்தை முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "இது எங்க வீட்டு அடிப்புடிச்ச சோறு! காலையில வெட்டுக்குப் போறதுக்கு முன்னால அம்மா இதத்தான் தண்ணி ஊத்திக் கொடுக்கும்." பால்மரம் வெட்டப் போன தாயைப் பற்றி அவர் பேசி நான் கேட்டு நாளாயிற்று. மகளும் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு வகைக் கிம்ச்சி வந்திருந்தது. ஒன்றில் பூண்டு வாசம் தூக்கியது. மற்றதில் இஞ்சி மட்டும். ஏன் இரண்டு என்று கேட்டோம். முதலாவது நனிசைவக் கிம்ச்சி, இரண்டாவது கோயில் கிம்ச்சி என்றார் அந்த அம்மாள். புத்த மடங்களின் சமையலில் ஐந்து பொருள்கள் கூடாதாம். விரல்விட்டு எண்ணினார்: பூண்டு, வெங்காயத் தாள், பட்டைத்தாள் பூண்டுக்கீரையான குச்சாய், காட்டுவெங்காயம். ஐந்தாவதாக 'ஹுங்கோ' என்று சொல்லிவிட்டு, அதை மட்டும் தானே கண்ணால் கண்டதில்லை என்று சிரித்தார். மகள் கைப்பேசியில் தேடினாள். தேடிவிட்டு நிமிர்ந்து பாட்டியைப் பார்த்தாள்.

"பாட்டி, பெருங்காயமாம்!"

"பெருங்காயமா? அதுவுமா ஆகாது?"

அத்தைக்கு அது பெரிய அதிர்ச்சி. அவருக்கு மட்டுமா? வெங்காயம் பூண்டு விலக்குகிற நாளில் நாம் அந்த இடத்தை நிரப்புவதே பெருங்காயத்தை வைத்துத்தானே. நமக்குக் காப்பாற்ற வந்த பொருள், அங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. இதன் வரலாறு சுவையானது. வடமொழியில் பெருங்காயத்துக்கு ஹிங்கு என்று பெயர். புத்த நூல்கள் சீனாவுக்குப் போனபோது அந்தப் பெயரும் ஒலிமாற்றத்தோடு உடன் போனது. கி.பி. 372இல் கொரியாவுக்குப் புத்தம் போய்ச் சேர்ந்தது. சீன நூல்கள் வழியாக அந்தப் பெயரும் அங்கே ஹுங்கோ ஆகிவிட்டது. பெருங்காயச் செடி கொரியாவில் முளைப்பதில்லை. முளைக்காத பொருளுக்குப் பல நூற்றாண்டாகத் தடை. சமையற்காரர்கள் கண்ணால் பார்க்காமலே ஒன்றை ஒதுக்கி வருகிறார்கள். இந்த ஐந்தையும் சமைத்துத் தின்றால் காமம், பச்சையாகத் தின்றால் கோபம் என்பது அந்த நூல்களின் கணக்கு. நம் ஊர் சீன சைவக் கடைகளில் பூண்டு வாசமே வராததற்கும் இதே மரபுதான் காரணம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, கொரிய நனிசைவக் கடைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. நனிசைவமும் கோயில் சமையலும் ஒன்றல்ல. நனிசைவத்துக்கு விலங்குதான் முக்கியம். பூண்டு எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். கோயில் சமையலுக்கு மனசு முக்கியம். பூண்டு ஆகாது. ஆனால்...

ஆனால் பாலுக்குத் தடை கிடையாதாம். இதை அந்த அம்மாள் சொன்னதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். புத்தர் உடல் மெலிந்து கிடந்தபோது சுஜாதை என்ற பெண் கொடுத்தது பாற்சோறுதானே. "பார்த்தியா?" என்று பேத்தியைப் பார்த்துக் கேட்டார். அவளும் விடவில்லை. "சரி பாட்டி, ஆனா இந்த மேசைல இருக்கிறதுல எதுலயாவது பால் இருக்கா?" இல்லை. நெய்யும் இல்லை, தயிரும் இல்லை. தடை செய்ததால் அல்ல. பழைய கொரிய அடுக்களையில் பாலுக்குப் பெரிய வேலை இருந்ததே இல்லை. குழம்பு வெள்ளையாகக் கெட்டியாக வேண்டுமானால் பெரில்லா விதையை அரைத்து ஊற்றுவார்கள். கோடையில் குளுகுளுவென்று ஒரு நூடல்ஸ் செய்வார்கள், சோயாவை அரைத்தெடுத்த பாலில். நம் கடைகளில் நனிசைவம் கேட்டால் பாதி மெனுவைக் கிழித்துப் போட வேண்டும். இங்கே நெத்திலியையும் இறைச்சியையும் எடுத்துவிட்டால் மிச்சம் அப்படியே நிற்கிறது.

பால் விஷயத்தில் யார் சொன்னது சரி என்று அங்கே முடிவாகவில்லை. நானும் இடையில் புகவில்லை. ஆனால் பத்து மாதத்தில் முதல்முறையாக இருவர் கரண்டியும் ஒரே தட்டுக்குப் போயிற்று. "இதுல என்ன இருக்கு?" என்று ஒருவருமே கேட்காமல் சாப்பிட்டோம். வீட்டுக்காரர் தன் பங்குத் தென்ஜாங்கை மெல்ல என் பக்கம் தள்ளிவிட்டதை மட்டும் நான் கவனித்தேன்.

கோயில் சமையல் இப்போது கொரியாவில் மலை மடங்களோடு நிற்கவில்லை. பெக்யாங்சா மடத்தைச் சேர்ந்த ஜொங் குவான் என்ற துறவி அம்மையாரை 2017இல் நெட்ஃபிளிக்சின் 'செஃப்ஸ் டேபிள்' தொடரில் காட்டிய பிறகு, உலகத்துச் சமையற்காரர்கள் அவரைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள். கொரிய அரசாங்கம் 2025இல் கோயில் சமையலைத் தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தது. சோல் நகருக்குச் சுற்றுலா போகிற நம்மவர்கள் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கி அறையில் சாப்பிட்டுத் திரும்பியதாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஜோக்யேசா கோயிலுக்கு எதிரே 'பாலு கொங்யாங்' என்ற உணவகம் இருக்கிறது. கொரியாவின் பெரிய புத்தப் பிரிவான ஜோக்யே சங்கமே நடத்துவது. சோல் நகருக்கென வெளிவந்த முதல் மிஷலின் கையேட்டிலேயே நட்சத்திரம் வாங்கிய கடை. விலை கனம், முன்பதிவும் வேண்டும். துறவிகள் சாப்பிடும் முறைக்குத்தான் அந்தப் பெயர்: ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் நான்கு கிண்ணங்கள், ஒரு பருக்கை மிச்சம் வைக்கக்கூடாது, கடைசியில் ஒரு துண்டுக் காய்கறியால் கிண்ணத்தைத் துடைத்து, கழுவிய தண்ணீரையும் குடித்துவிட வேண்டும்.

சாதாரணக் கொரியக் கடையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நெத்திலிக்கு 'ம்யோல்ச்சி', இறாலுக்கு 'சேவு'. சூப்புத் தண்ணீரில் ம்யோல்ச்சி இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேட்டால் சமையற்காரருக்கு நீங்கள் விஷயம் தெரிந்தவர் என்று புரியும். பொதுவாக 'சைவமா?' என்று கேட்டால் தலையாட்டிவிடுவார்கள். கல்சட்டிப் பிபிம்பாப்பை இறைச்சியும் முட்டையும் இல்லாமல் கேட்கலாம். கொச்சுஜாங்கைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அதிலேயே இறைச்சியை வதக்கிச் சேர்க்கும் கடைகளும் உண்டு. கிம்ச்சியைத் தொடாதீர்கள். நூடல்ஸ் சூப்பு வேண்டவே வேண்டாம்.

பில்லுக்கு வருவோம். நான்கு பேருக்கு 186 வெள்ளி. வாழை இலைச் சாப்பாட்டுக் கணக்கில் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். ஆனால் தொட்டுக்கைத் தட்டுகள் மூன்று முறை நிரம்பின, கடைசியில் இஞ்சியும் பட்டையும் கொதித்த குளிர்ந்த சுஜொங்வா பானம் இலவசமாக வந்தது. ஏலக்காய் போடாத இஞ்சித் தேநீர் என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். கேக் வெட்டவில்லை. எள்ளும் சர்க்கரையும் உள்ளே வைத்து அவித்த அரிசிமாவுப் பிறைகள் வந்தன. சொங்ப்யொன் என்று பெயர், அறுவடைத் திருநாளுக்குச் செய்வார்களாம். "கொழுக்கட்டைதானே!" என்று ஒரே நேரத்தில் இரண்டு பேர் சொன்னார்கள்.

கிளம்பும்போது அத்தை கோயில் கிம்ச்சியில் ஒரு பாட்டில் வாங்கினார், 22 வெள்ளி. எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார். நாளாக நாளாகப் புளிக்கும், ரொம்பப் புளித்தால் குழம்பு வையுங்கள், பழைய கிம்ச்சியில்தான் குழம்பு நன்றாக வரும் என்று அந்த அம்மாள் சொல்லிக்கொடுத்தார்.

மூன்று வாரத்தில் அது புளித்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அத்தை அதை நறுக்கி, வேகவைத்த துவரம் பருப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டு, நெய்க்குப் பதில் நல்லெண்ணெயில் கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்து இறக்கினார். மறக்காமல் ஒரு துண்டு பெருங்காயமும் போட்டார். அன்று மகள் டப்பா கொண்டுவந்திருந்தாள், திறக்கவில்லை.